வால்டர் லிப்மனை ஏன் முழுதாகப் பாராட்ட முடியவில்லை

அரசியல் பத்தியாளராக ஒருவர் எட்டக்கூடிய உச்சம் எது என்று கேட்டால், பலரும் வால்டர் லிப்மனைத்தான் கைகாட்டுவார்கள். 'நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன்' இதழில் 1931-இல் அவர் தொடங்கிய பத்தி 1967 வரை ஓடியது. புலிட்சர் விருது இரண்டு முறை. அமெரிக்க அதிபர்களே கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். எனக்கு இடிப்பது அந்தக் 'கூப்பிட்டு'தான்.

1942 பிப்ரவரியை எடுத்துக்கொள்வோம். பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் தாக்குதல் நடத்தி இரண்டு மாதம். கலிஃபோர்னியாவுக்குப் போன லிப்மன், ராணுவத் தளபதி டிவிட்டையும் மாநில அட்டர்னி ஜெனரல் ஏர்ல் வாரனையும் சந்திக்கிறார். 12-ஆம் தேதி பத்தி வருகிறது. மேற்குக் கரையைப் போர்முனையாகக் கருத வேண்டுமாம், அங்கே யார் இருக்கலாம் என்பதை ராணுவம் முடிவு செய்யலாமாம். அதில் ஒரு வாதம் இன்றும் திகைக்க வைக்கிறது: பெரிய நாசவேலை எதுவும் நடக்கவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், எதிரியின் ஆட்கள் பெரிய அடிக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். நடந்தாலும் குற்றம், நடக்காவிட்டாலும் குற்றம்!

ஒரே வாரத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் அதற்கான உத்தரவில் கையெழுத்திட்டார். சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த ஒரு பத்தியால்தான் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிகாரிகளின் பயம் லிப்மனின் நடையில் வந்ததும் விவேகம் போலத் தெரிந்தது.

எனக்குப் பிடித்தவர் இன்னொரு அமெரிக்கப் பத்திரிகையாளர், ஐ. எஃப். ஸ்டோன். 1953-இல் நான்கு பக்க வார இதழ் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கினார். காது சரியாகக் கேட்காது, அதனால் பேட்டிகளை நம்பாமல் அரசு ஆவணங்களையும் நாளிதழின் மூலைச் செய்திகளையும் படித்தார். 1957-இல் நடந்த நிலத்தடி அணுகுண்டுச் சோதனை ஒன்றின் அதிர்வு 200 மைலுக்கு அப்பால் பதிவாகவில்லை என்றது அணுசக்தி ஆணையம். நில அதிர்வுப் பதிவுகளை வைத்திருந்தவர்களிடமே போய்க் கேட்டார் ஸ்டோன். அலாஸ்கா வரை பதிவாகியிருந்தது. ஆணையம் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. (கொரியப் போரின் தொடக்கம் பற்றி அவர் எழுதியது தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

வியட்நாம் போர் விஷயத்தில் லிப்மனும் அதிபர் ஜான்சனை எதிர்த்தார், எழுபத்தைந்து வயதில். பெரிய காரியம்தான். ஆனால் முதலில் ஜான்சனின் உபசாரத்தில் கொஞ்ச நாள் கழிந்தது. டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாம் தாக்கியது என்ற அரசுக் கதையை ஸ்டோன் 1964-லேயே சந்தேகித்து எழுதிவிட்டார். அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து உபசரிக்க யாரும் இல்லை.