ஏசிக்குக் கீழே வழுக்கையாறு

யாழ்ப்பாண நகரில் ஒரு கந்தோர். எந்தக் கந்தோர் என்று கேட்க வேண்டாம், முடிவில் காரணம் புரியும். ஓகஸ்ட் மாதக் கடைசி. வெளியே சோழகம் புழுதியை வாரி அடிக்கிறது. உள்ளே யன்னல் எல்லாம் சாத்தி ஏசி ஓடுகிறது. கணக்குப் பிரிவில் பாலண்ணை (58 வயது, 33 வருடச் சேவை, கந்தோர் முழுவதற்கும் 'அண்ணை') கணனிக்கு முன்னால் இருந்து கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேசை நிசா தேத்தண்ணியோடு வருகிறாள்.

நிசா: அண்ணை, தேத்தண்ணி. (மெதுவாக) எல்லாம் சரியாகிவிடும் அண்ணை. யோசிக்காதீங்கோ.

பாலண்ணை: எது சரியாகிவிடும்?

நிசா: இல்லை... பதிவறை அக்கா சொன்னா, ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான் என்று நீங்கள் இருந்து அழுகிறீங்களாம்.

பாலண்ணை: அவ சொன்னாவா?

நிசா: வாசல் காவலாளி வேறு கதை வைத்திருக்கிறார். மகள் கனடாவுக்குப் போன கவலையாம்.

பாலண்ணை: மகள் போய் ஏழு வருடம் பிள்ளை. அதற்கு அப்போதே பலாலி விமான நிலையம் வரை அழுது முடித்தாச்சு.

நிசா: பலாலியிலிருந்து கனடாவுக்கு ஏது பிளேன்?

பாலண்ணை: கட்டுநாயக்கா! கண் எரியும்போது வாயும் தடுமாறுகிறது. கேள், நான் அழவில்லை. இது தானாக ஓடுகிறது. நல்லூர்க் கொடியேற்றம் அன்று தொடங்கியது. கற்பூரப் புகை என்று நினைத்தேன். தேர் முடிந்தது, தீர்த்தம் முடிந்தது, கந்தனே இளைப்பாறப் போய்விட்டார். என்ரை கண் மட்டும் இன்னும் ஓடுகிறது.

நிசா: மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதா?

பாலண்ணை: ஒரு வண்டில் மண். பின்னேரம் ஆனால் எழுத்தெல்லாம் மங்கல். கண்ணை மூடித் திறந்தால் கொஞ்ச நேரம் தெளிவு, பிறகு பழையபடி.

நிசா: அப்போ சந்தேகமே இல்லை. கண் வறட்சி. போன வருடம் எனக்கும் இருந்தது.

பாலண்ணை: (நனைந்த லேஞ்சியைத் தூக்கிக் காட்டி) வறட்சி? இதைப் பிழிந்து காட்டட்டுமா? உன் தேத்தண்ணிக் கோப்பை நிறையும்.

நிசா: அதுதான் அண்ணை விசயம். வழுக்கையாறு மாரியில் எப்படி ஓடும்?

பாலண்ணை: கரைபுரண்டு ஓடும். அராலிப் பக்கம் போய்க் கடலேரியில் விழும்.

நிசா: அவ்வளவு வெள்ளம் ஓடியும் ஆவணியில் உங்கள் வீட்டுக் கிணறு?

பாலண்ணை: அடித் தண்ணீர்தான்.

நிசா: உங்கள் கண்ணிலும் அதே கதைதான். கண்ணை நனைத்துக்கொண்டு நிற்கிற நீர் வேறு, இப்போ ஓடுகிற வெள்ளம் வேறு. கண் காய்ந்து எரிகிறதென்று மூளைக்குச் செய்தி போகிறது. அது பதறிப்போய் வெறும் தண்ணீரைத் திறந்து விடுகிறது. அது கண்ணில் நிற்காமல் கன்னத்தால் ஓடிவிடுகிறது.

பாலண்ணை: ஏன் நிற்காது?

நிசா: கண்ணில் நிற்கிற நீருக்கு மூன்று படை இருக்கு. அடியிலே வெண்டிக்காய் மாதிரி ஒரு வழுவழுப்பு, அதுதான் நீரைக் கண்ணோடு ஒட்ட வைக்கிறது. நடுவில் தண்ணீர். மேலே மெல்லிசாக எண்ணெய், குழம்பிலே மிதக்கிற மாதிரி. அந்த எண்ணெய் இல்லையென்றால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும்.

பாலண்ணை: வெண்டிக்காய், தண்ணீர், எண்ணெய். பிள்ளை, நீ சொல்வது கண்ணா, மத்தியானச் சாப்பாடா?

நிசா: சிரிக்காதீங்கோ. அந்த எண்ணெயை விடுகிற சுரப்பிகள் இமை விளிம்பில் வரிசையாக இருக்கு. மேலிமையில் மட்டும் 25க்கு மேலே. மைபோமியன் சுரப்பி என்று பெயர்.

பாலண்ணை: மையே போடாத எனக்கு மைபோமியன் எங்கிருந்து வந்தது?

நிசா: உங்கள் மை இல்லை. மைபோம் என்று ஜெர்மன் வைத்தியர் ஒருவர். 1666இல் அவர் இதைப் பற்றி எழுதி வைத்ததால் அவர் பெயர்.

பாலண்ணை: 1666... அப்போ எங்கட கோட்டைக்குள்ளே ஒல்லாந்தர் குடிவந்து எட்டு வருடம். அவன் அங்கே இமையை உரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், இவன் இங்கே எங்களுக்குக் 'கந்தோர்' என்ற சொல்லைத் தந்திருக்கிறான். 'லாச்சி'யும் அவன் தந்ததுதான். கண் வருத்தத்தையும் அந்தக் கந்தோருக்குள்ளேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

(இதுதான் பாலண்ணையிடம் உள்ள பிரச்சினை. எந்தக் கதையைத் தொடங்கினாலும் அவர் அதைக் கோட்டை வாசலில் கொண்டுபோய் விடுவார். நிசா கைத்தொலைபேசியை எடுத்து நேரம் பார்க்கிறாள்.)

நிசா: சரி, உங்கள் வேலையைச் செய்யுங்கோ. நான் ஒரு நிமிடம் பார்க்கிறேன்.

பாலண்ணை: வேலைதானே? இந்த யூலைக் கணக்கு 3,750 ரூபா இடிக்கிறது. மூன்று நாளாகத் தேடுகிறேன், அகப்படவில்லை.

(திரைக்குள் தலையைக் கொடுக்கிறார். மூக்கு நுனி கணனியில் முட்ட ஒரு சாண் இருக்கிறது. வாய் மெதுவாகத் திறக்கிறது. கண் கருவாட்டுக் கண் மாதிரி அப்படியே நிற்கிறது. மேலேயிருந்து ஏசிக் காற்றில் அவருடைய மிச்சத் தலைமுடி ஆடுகிறது.)

நிசா: நிறுத்துங்கோ! மூன்று.

பாலண்ணை: என்ன மூன்று?

நிசா: ஒரு நிமிடத்தில் நீங்கள் இமைத்தது மூன்று தரம். சும்மா இருக்கிற மனிசன் 15 தரமாவது இமைப்பான். கணனியைப் பார்த்தால் எல்லாருக்கும் அது ஐந்து, ஆறு என்று இறங்கும். நீங்கள் அதற்கும் கீழே. இமைத்தால்தானே எண்ணெய் வெளியே வந்து பரவும்? உங்கள் மூன்றிலும் இரண்டு பாதி இமைப்பு. இமை கீழே வந்து தொடவேயில்லை.

பாலண்ணை: ஒன்றும் இரண்டு அரையும். அப்போ தேறிய தொகை இரண்டு.

நிசா: கணக்குப் பார்க்கிற விசயமா இது!

பாலண்ணை: பிள்ளை, மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு வைத்துப் பேரேடு எழுதிய கண் இது. அப்போ வராத வருத்தம் இந்த ஏசிக்குள்ளேயா வரும்?

நிசா: அப்போ நீங்கள் குனிந்து எழுதினீங்கள். குனிந்து பார்த்தால் இமை பாதிக் கண்ணை மூடியிருக்கும், காற்றுப் படுகிற இடம் குறைவு. இப்போ கணனிக்குக் கீழே என்ன வைத்திருக்கிறீங்கள்?

பாலண்ணை: (தயங்கி) அதே பேரேடுகள்தான். மூன்று. கழுத்து நோவுக்காக உயர்த்தி வைத்தது.

நிசா: அதனாலேதான் நல்லூர்க் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்க்கிறீங்கள். கண் முழுக்கத் திறந்து கிடக்கு. இரண்டையாவது இறக்குங்கோ, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரட்டும். அடுத்தது கதிரை. ஏசி நேரே உங்கள் முகத்துக்கு ஊதுகிறது. இடத்தை மாற்றுங்கோ.

பாலண்ணை: (கதிரைக் கையை இறுக்கிப் பிடித்து) அது மட்டும் நடக்காது.

நிசா: ஏன்?

பாலண்ணை: நான் வேலைக்கு வந்த அன்று எனக்குத் தந்த இடம் எது தெரியுமா? கழிவறைக் கதவடி. பன்னிரண்டு வருடம் அங்கே. பிறகு ஜெனரேற்றர் பக்கம் ஒன்பது வருடம். பிறகு விசிறிக்கு நேரே, அந்த விசிறி ஓடவில்லை. இந்த ஏசிக் கதிரைக்கு முன்னிருந்தவர் ஓய்வுபெறும் வரை காத்திருந்து, அவரின் பிரிவுபசாரத்தில் வடை சாப்பிடாமல் ஓடி வந்து பிடித்த இடம். கண் போனாலும் கதிரை போகாது.

(இதற்கு மேல் வாதாடிப் பலனில்லை. அரசாங்கத்தில் 33 வருடம் என்பது ஒரு மதம். நிசா பழைய கோப்பு மட்டை ஒன்றை எடுத்து, மேசையில் ஏறி நின்று, காற்று மேலே போகும்படி ஏசியின் வாயில் ஒட்டுகிறாள். பாலண்ணையின் தலைமுடி ஆட்டத்தை நிறுத்துகிறது.)

நிசா: கண்ணுக்கு ஏதாவது மருந்து விடுகிறீங்களா?

பாலண்ணை: (லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுக்கிறார்) இது இருக்கு. தைப்பொங்கலுக்கு உடைத்தது.

நிசா: தைப்பொங்கலுக்கா? தூக்கி எறியுங்கோ!

பாலண்ணை: திகதி அடுத்த வருடம் வரை இருக்கே!

நிசா: அது உடைக்காத போத்தலுக்கு. இப்படிப் போத்தல் உடைத்தால் ஒரு மாதம்தான். பிறகு கிருமி சேரும். அதோடு இது சிவப்பை மறைக்கிற மருந்து. வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீர் என்று வேறு இருக்கு.

பாலண்ணை: கண்ணீரிலும் போலி வந்துவிட்டதா?

நிசா: நல்ல போலி. ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல் விட வேண்டி வந்தால், பதனப்பொருள் சேர்க்காததாகக் கேட்டு வாங்கச் சொன்னார் டொக்டர். வீட்டு வைத்தியம் ஒன்றும் செய்யவில்லையே?

பாலண்ணை: மனிசி நந்தியாவட்டைப் பூ ஒற்றினாள். மாமி தேன் விடச் சொன்னா. பக்கத்து வீட்டுக் கிழவி தாய்ப்பால் விடச் சொன்னா.

நிசா: விட்டீங்களா?

பாலண்ணை: யாரிட்டைப் போய்க் கேட்கிறது பிள்ளை? 58 வயதில் செருப்படி வாங்கவா?

நிசா: ஒன்றும் விடாதீங்கோ. வெந்நீரில் பிழிந்த சுத்தமான துணியை மூடிய கண்ணுக்கு மேலே 10 நிமிடம் ஒத்தணமாக வையுங்கோ. கை தாங்குகிற சூடு போதும். அடைபட்ட எண்ணெய் இளகும். தும்மலுக்குக் குளிசை போடுகிறீங்களா?

பாலண்ணை: இந்தப் புழுதிக்கு ஒவ்வொரு இரவும்.

நிசா: அதுவும் கண்ணைக் காய வைக்கும். டொக்டரிடம் அதையும் சொல்லுங்கோ. கட்டாயம் போய்க் காட்டுங்கோ அண்ணை. எனக்குக் கீழிமைக்குள்ளே கடதாசித் துண்டு ஒன்றைச் செருகி 5 நிமிடம் கண்ணை மூடி இருக்க வைத்தார்கள். 10 மில்லிமீற்றராவது நனைய வேண்டும். எனக்கு நாலுதான் நனைந்தது.

பாலண்ணை: 33 வருடம் கடதாசி பார்த்த கண்ணுக்குள்ளேயே கடதாசியா! சரி, போகிறேன். மீனெண்ணெய்க் குளிசை நல்லதென்று மகள் அனுப்பவா என்று கேட்டாள்.

நிசா: அமெரிக்காவில் 500 பேருக்கு மேல் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், 2018இல் முடிவு வந்தது. மீனெண்ணெய் குடித்தவர்களுக்கும் ஒலிவ் எண்ணெய் குடித்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பாலண்ணை: அப்போ அந்தக் காசுக்குப் பாசையூரில் விளைமீன் வாங்கிச் சொதி வைக்கலாம்.

நிசா: வையுங்கோ. கடைசியாக ஒன்று. 20 நிமிடத்துக்கு ஒருக்கால், 20 அடிக்கு அப்பால் இருக்கிற ஏதாவதொன்றை 20 விநாடி பாருங்கோ. பார்க்கும்போது இரண்டு கண்ணையும் முழுக்க மூடி மூடித் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் மூடிவிடாதீங்கோ, கருமபீடத்துக்குப் பொம்பிளைகள் வருகிறார்கள்.

பாலண்ணை: (எழுந்து நிலத்து மாபிளை எண்ணுகிறார்) ஒரு மாபிள் இரண்டடி. அந்தப் பக்கம் சுவர், ஐந்து மாபிள். இந்தப் பக்கம் அலுமாரி, மூன்று மாபிள். நேரே... ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது மாபிளில் பெரியவரின் கண்ணாடி அறை.

நிசா: பரவாயில்லை, அந்தக் கண்ணாடியையே பாருங்கோ.

(நாலு நாள் கழித்து. அதே கதிரை, அதே ஏசி. கணனிக்குக் கீழே ஒரு பேரேடுதான் இருக்கிறது. லேஞ்சி காய்ந்திருக்கிறது.)

நிசா: அண்ணை, கண் தெளிந்துபோச்சே! பெரியவர் உங்களைக் கூப்பிட்டாராம்?

பாலண்ணை: அதை ஏன் கேட்கிறாய். நீ சொன்னபடிதான் செய்தேன். 20 நிமிடத்துக்கு ஒருக்கால் நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தேன். 20 விநாடி. மெதுவாகக் கண்ணை மூடி, மெதுவாகத் திறந்து.

நிசா: எப்படி? செய்து காட்டுங்கோ.

(செய்து காட்டுகிறார். நிசாவுக்கே ஒரு நிமிடம் தான் ஏதாவது களவெடுத்தேனா என்று யோசனை வருகிறது.)

நிசா: ஐயோ அண்ணை! இப்படியா பார்த்தீங்கள்?

பாலண்ணை: ஒரு நாளைக்கு 20 தரம். முதல் நாள் அவர் சிரித்தார். இரண்டாம் நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டார். நான் திரைச்சீலையைப் பார்த்தேன், எனக்கென்ன, 20 அடிதானே கணக்கு. மூன்றாம் நாள் அதை அவரே கொஞ்சம் விலக்கிப் பார்த்தார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று. சரியாக அது என்னுடைய இருபதாவது நிமிடம்.

நிசா: பிறகு?

பாலண்ணை: நேற்றுப் பின்னேரம் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை, பிள்ளை, சத்தியமாக. நின்று கண்ணை மூடித் திறந்தேன், அவ்வளவுதான். "பாலா, உமக்குத் தெரிந்துவிட்டதென்று எனக்குத் தெரியும். கிளிநொச்சிப் பயணப் பில் இரண்டு தரம் ஏறிவிட்டது, தவறுதலாக நடந்தது, நாளைக்கே காசைக் கட்டுகிறேன்" என்றார்.

நிசா: எவ்வளவு?

பாலண்ணை: 3,750.

நிசா: (வாயைப் பொத்திக்கொண்டு) அண்ணை! அப்போ கண்ணும் சரி, கணக்கும் சரி. இனி யன்னல் திறக்கிற பக்கம் கதிரையைப் போட்டுப் பனை மரத்தைப் பார்க்கலாமே?

பாலண்ணை: கதிரை அசையாது. பார்வையும் அந்தப் பக்கம்தான். (பேரேட்டைத் திறந்து) ஓகஸ்ட் கணக்கும் 900 ரூபா இடிக்கிறது.