மிக்காவின் முட்டிக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களுக்கு

மிக்கா பார்சன்ஸ் நம் டாலஸ் கவ்பாய்ஸ் அமெரிக்க ஃபுட்பால் அணியின் நட்சத்திரத் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவர். ஒப்பந்தத் தகராறில் ஓனர் ஜெர்ரி ஜோன்ஸ் 2025 ஆகஸ்டில் அவரை கிரீன் பே பேக்கர்ஸுக்கு டிரேட் செய்துவிட்டார், அவர்கள் வருடத்துக்கு 47 மில்லியன் டாலர் போட்டார்கள். டிசம்பரில் டென்வரில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முட்டிக்கு என்ன நடந்தது என்று நான் மறுபடி சொல்லப் போவதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். திங்கட்கிழமை ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் தசைநார்) கிழிந்தது உறுதியாகிவிட்டது, மிக்கா பார்சன்ஸுக்கு இந்த சீசன் அவ்வளவுதான். என் எரிச்சல் அந்தச் செய்தி வந்தவுடன் நம் டாலஸ் குரூப்பில் நடந்த கூத்தின் மேல். "ஜெர்ரி தாத்தா தீர்க்கதரிசி", "47 மில்லியன் மிச்சம்", "கிரீன் பேக்காரனுக்குப் பட்டை நாமம்" என்று வரிசையாக விழுகிறது, ஒவ்வொன்றுக்கும் கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற எமோஜி. போன வருடம் வரை 11ஆம் நம்பர் ஜெர்சியை மாட்டிக்கொண்டு ஆர்லிங்டன் பார்க்கிங்கில் செல்ஃபி எடுத்துப் போட்ட அதே ஆட்கள். நான் அங்கே ஒரே ஒரு வரி எழுதினேன், ஒரு மனுஷன் கால் போனதற்குச் சிரிக்க வேண்டாமே என்று. அதற்கு வந்த பதில்: "என்ன பாஸ், சீஸ்ஹெட் ஆயிட்டீங்களா?" சீஸ்ஹெட் என்றால் கிரீன் பே ரசிகன்.

சரி, குரூப்பில் பேச விடவில்லை, இது என் சுவர். இங்கே பேசுகிறேன். ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியைத் தேடி வந்தவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தக் காயத்தால் ஜெர்ரி ஜோன்ஸ் சரி என்று ஆகாது. மிக்கா கேட்டதுதான் சரி என்று ஆகிறது. அவர் ஏன் அத்தனை மாதம் மல்லுக்கட்டினார்? இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும் என்று தெரிந்துதான். என்எஃப்எல் ஒப்பந்தத்தில் தலைப்புச் செய்தியில் வரும் தொகை வேறு, கேரண்டி என்று எழுதித் தருகிற தொகை வேறு. பேஸ்பால்காரர்களுக்கு மாதிரி போட்ட தொகை மொத்தமும் வீடு வந்து சேராது, கேரண்டி இல்லாத மிச்சத்தை அணி நினைத்தால் வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கிரீன் பே கொடுத்தது நான்கு வருடத்துக்கு 188 மில்லியன் டாலர், அதில் 120 மில்லியன் கையெழுத்துப் போட்ட அன்றே முழு கேரண்டி. முட்டி இருந்தாலும் வரும், முட்டி போனாலும் வரும். அதைத்தான் அவர் கேட்டார். அதைக் கேட்டதற்குத்தான் நீங்கள் அவரைத் துரோகி என்றீர்கள். இப்போது எதற்காகக் கேட்டாரோ அது கண் முன்னால் நடந்த பிறகும், கேட்டவன் முட்டாள், கொடுக்காதவர் புத்திசாலி என்கிறீர்கள்.

அவர் இங்கேயே ஐந்தாம் வருட ஆப்ஷனில் (முதல் ஒப்பந்தத்தை அணி ஒரு வருடம் நீட்டிக்கொள்வது), சுமார் 24 மில்லியனுக்கு, புது ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் ஆடி அதே முட்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மார்ச் மாதம் ஒப்பந்தம் முடியும், கையில் ஊன்றுகோல் இருக்கும், மேசைக்கு அந்தப் பக்கம் ஜெர்ரி உட்கார்ந்து "பாவம்பா, ஆனா இப்போ மார்க்கெட் நிலவரம்..." என்று ஆரம்பிப்பார்.

"ஜெர்ரி ஜூலையிலேயே சொன்னாரே" என்று ஒரு அண்ணன் பழைய வீடியோவைத் தேடிப்பிடித்துப் போட்டிருந்தார். சொன்னார்தான், ஆக்ஸ்நார்ட் பயிற்சி கேம்ப்பில். ஒப்பந்தம் போட்டுவிட்டால் மட்டும் ஆள் களத்தில் இருப்பான் என்று என்ன நிச்சயம், போன வருடமே ஆறு மேட்ச் ஆடவில்லை என்றார். அண்ணே, 2024இல் மிக்கா ஆடாதது நாலு மேட்ச். 17இல் 13 ஆடினார். குறி சொல்கிறவருக்கு முதலில் எண்ணத் தெரிய வேண்டாமா? ஃபுட்பால் ஆடுகிறவனுக்கு அடிபடலாம் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை, அது எல்லாருக்கும் தெரியும். அந்த வாதப்படி பார்த்தால் யாருக்கும் ஒப்பந்தம் போடக்கூடாது. பந்து வீசுகிற நம் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு வருடத்துக்கு 60 மில்லியன் போட்டாரே, அவருக்கு 2020இல் கணுக்கால் என்ன ஆனது என்று அந்த மைதானத்தில் இருந்தவர்களுக்கே மறந்துபோய்விட்டதா?

விலை ஏறியதற்கும் மிக்காவின் பேராசையைத்தான் காரணம் சொல்கிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மிக்கா மாதிரியே குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற மற்ற அணி ஆட்களில், 2023 செப்டம்பரில் நிக் போஸா வாங்கியது வருடத்துக்கு 34 மில்லியன். 2025 மார்ச்சில் மேக்ஸ் கிராஸ்பி 35.5. அதே மாதம் மைல்ஸ் காரட் 40. ஜூலையில் டி.ஜே. வாட் 41. கடைசியில் மிக்கா 47. ஒவ்வொரு கையெழுத்துக்கும் அடுத்தவன் விலை ஏறும் என்பது இந்த லீக்கில் எல்லா அணிக்கும் தெரிந்த கணக்கு, அதனால்தான் மற்றவர்கள் முந்திக்கொண்டு போடுகிறார்கள். நம்ம ஜெர்ரி மட்டும் கடைசி பஸ் வரைக்கும் நிற்பார். டாக்கிடம் நின்றார், பந்து பிடிக்கிற சீடீ லாம்பிடம் நின்றார், ரெண்டு தடவையும் கூடுதலாகக் கொடுத்துத்தான் முடித்தார். இன்னும் பழசு வேண்டுமா, 1993இல் ஒப்பந்தத்துக்காக ஆடாமல் நின்ற ஓட்ட நட்சத்திரம் எம்மிட் ஸ்மித் இல்லாமல் முதல் ரெண்டு மேட்சும் தோற்ற பிறகுதான் பேனாவைத் திறந்தார். அந்த வருடம் கப் அடித்தோம் என்பதால் அதுவும் சாணக்கியத்தனம் ஆகிவிட்டது.

"ஹெர்ஷல் வாக்கர் டிரேட் மாதிரி இதுவும் பத்து வருஷம் கழிச்சுப் புரியும்" என்கிறவர்களுக்கு: 1989இல் நட்சத்திர ஆட்டக்காரர் வாக்கரைக் கொடுத்து வாங்கிய பிக்குகளை (டிராஃப்டில் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளை) வைத்து அணியைக் கட்டும்போது பக்கத்தில் கோச் ஜிம்மி ஜான்சன் இருந்தார். அவரை 1994இலேயே அனுப்பியாகிவிட்டது. 1996 ஜனவரிக்குப் பிறகு சூப்பர் பவுல் வேண்டாம், அதற்கு முந்தின படியான என்எஃப்சி சாம்பியன்ஷிப் மேட்சுக்குக்கூட நாம் போனதில்லை. மிக்காவுக்குப் பதிலாக ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் ரெண்டு வந்திருக்கிறது என்று குதிக்கிறீர்களே, ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் என்றால் என்ன தெரியுமா? 2017இல் 28ஆவது இடத்தில் நாம் எடுத்தது டாகோ சார்ல்டன். ரெண்டு இடம் தள்ளி 30ஆவதாக பிட்ஸ்பர்க் எடுத்தது டி.ஜே. வாட். 2023இல் 26ஆவதாக எடுத்த மாஸி ஸ்மித்தை 2025 நவம்பரில் வேறொரு டிரேடில் கொசுறாகத் தள்ளிவிட்டோம். டிராஃப்டில் 12ஆவதாக ஒருத்தனை எடுத்து, அவன் முதல் வருடமே சிறந்த தற்காப்புப் புதுமுகமாகி, நாலு சீசனில் 52.5 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு மடக்குவது), எந்த சீசனிலும் 12க்குக் குறையாமல், 2025இல் அங்கே போயும் 12.5 என்று இருப்பானாம், அவனைக் கொடுத்துவிட்டு அவனை மாதிரி ஒருத்தன் கிடைப்பானா என்று தேட ரெண்டு சீட்டு வாங்கி வைத்துக்கொள்வோமாம்.

அந்த டிரேடில் தற்காப்புக்குக் கென்னி கிளார்க்கும் வந்தார், பிக்குகளைக் கொடுத்து குவின்னன் வில்லியம்ஸையும் வாங்கினோம், ஈகிள்ஸையும் சீஃப்ஸையும் அடித்தோம். உண்மை. ரன் டிஃபென்ஸ் தேறியிருக்கிறது, அதுவும் உண்மை. அப்புறம் லயன்ஸிடம் தோற்றோமே? அப்புறம் மிக்கா கீழே விழுந்த அதே ஞாயிறு ராத்திரி, சொந்த மைதானத்தில் வைகிங்ஸிடம் 34 பாயின்ட் வாங்கித் தோற்றோமே? 6 வெற்றி, 7 தோல்வி, 1 டை என்று நின்றுகொண்டு அடுத்தவன் முட்டிக்குச் சிரிக்கிறோம்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உள்ளுக்குள் உண்மையில் சுடுவது அதுதான். மார்ச்சில் ஜெர்ரி மிக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், ஏஜென்ட் கூட இல்லை. பேசி முடித்துவிட்டோம், ஒப்பந்தமே ஆகிவிட்டது என்று வெளியே சொன்னார். அந்த ஏஜென்ட் பேரே எனக்குத் தெரியாது என்று பத்திரிகைக்காரர்களிடம் பெருமையாக வேறு சொன்னார். மிக்கா என் ஏஜென்ட்டிடம் பேசுங்கள் என்றதும் குற்றவாளி ஆகிவிட்டார். "நேருக்கு நேர் ஆம்பளையா பேசினதை மாத்திட்டான்" என்று நம்மவர்களே எழுதுகிறார்கள்.

எழுதுகிறவர்கள் யார்? ஆஃபர் லெட்டரில் கமா மாறியிருந்தாலும் எச்ஆருக்கு மெயில் போடுகிறவர்கள். விசா பேப்பரை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதவர்கள். எனக்கு ஓஎம்ஆரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு மேனேஜர் இருந்தார். டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கை போட்டு, இந்த வருஷம் உனக்கு புரமோஷன், சம்பளம் இவ்வளவு, பேசியாச்சு என்றார். மெயிலில் போடச் சொன்னபோது முகம் மாறிவிட்டது. "என்னடா, நம்ம வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சேன், நம்பிக்கை இல்லையா?" அப்ரைசல் வந்தபோது அந்த டீக்கு மட்டும்தான் சாட்சி இருந்தது. கேட்டால், நான் அப்படிச் சொல்லவே இல்லையே, முயற்சி பண்றேன்னுதானே சொன்னேன் என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் ஜெர்ரி பேட்டி கொடுக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறது. பணம் வைத்திருக்கிற பக்கம் எப்போதுமே குடும்பம், பாசம், கைகுலுக்கல் என்று பேசும், பேப்பர் கேட்கிறவன் மட்டும் நன்றி கெட்டவன்.

"உன் சம்பளத்தையும் 47 மில்லியனையும் ஒப்பிடாதே" என்று கீழே கமென்ட் வரும், தெரியும். நான் தொகையை ஒப்பிடவில்லை. ஆனால் தொகை பேச வேண்டுமென்றால் பேசுவோம். 1989இல் இந்த அணியை சுமார் 140 மில்லியனுக்கு வாங்கினார் ஜெர்ரி. ஃபோர்ப்ஸ் 2025இல் போட்ட மதிப்பு 13 பில்லியன். அந்த 13 பில்லியன் பேராசை இல்லையாம், தொழில் திறமையாம். அதை ஏற்றிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் மோதி விழுகிறவன் கேட்டால் பேராசையாம். அணிக்கு ஓனரும் அவர், ஜெனரல் மேனேஜரும் அவர். பிள்ளைகளுக்கும் அணியில் பதவி. முப்பது வருடமாகக் கப் இல்லை என்று அந்த ஜெனரல் மேனேஜரை யார் வேலையை விட்டுத் தூக்குவது? ஓனர்தான் தூக்க வேண்டும்!

சிரிப்பு எமோஜி போட்டவர்களில் ஒருத்தர் என் ஊர்ப்பக்கம், தஞ்சாவூர்க்காரர். அவருக்கு என் சித்தப்பா மகனைத் தெரியும். கபடியில் அவன் ரைடு போனால் ஊரே எழுந்து நிற்கும், ராத்திரி டோர்னமென்டுக்கு அவனுக்காகவே டிராக்டரில் ஆள் வரும். ஒரு டீமில் காண்ட்ராக்ட் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள், நல்லா ஆடினா வேலை நிரந்தரம் என்றார்கள், எல்லாம் வாய்வார்த்தை. ஒரு மேட்சில் இதே ஏசிஎல். ஆஸ்பத்திரிச் செலவுக்கு சித்தப்பா நிலத்தை அடகு வைத்தார். டீமிலிருந்து ஒரு தடவை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்தார்கள், அப்புறம் போன் எடுக்கவில்லை. அப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊர்க்காரரும் சிரிக்கவில்லை, அவர்தான் முதலில் பணம் அனுப்பினார், அதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு இளகிய மனசு மிக்காவுக்கு மட்டும் ஏன் இறுகுகிறது? பணக்காரன் முட்டியில் வலி கம்மியா? இல்லை, நம் அணியை விட்டுப் போனதால் நமக்கு வலித்ததே, அதற்குப் பழிவாங்குகிறோமா? அவர் எங்கே போனார், நம் ஆள் அல்லவா விற்றார்!

ப்ரீசீசனில் ஃபால்கன்ஸ் மேட்சில் மைதான ஓரத்துச் சிகிச்சை மேசையில் படுத்துக் கிடந்தாரே, அது திமிர் இல்லையா என்று ஒருத்தர் கேட்டார். திமிர்தான். எனக்கும் பிடிக்கவில்லை. படுத்துக் கிடந்ததற்காக முட்டி உடைய வேண்டும் என்றால் நம் ஆபீஸில் பாதிப் பேர் நடக்க முடியாது.

நான் கவ்பாய்ஸ் ரசிகன்தான், சீஸ்ஹெட் இல்லை. செப்டம்பரில் பேக்கர்ஸ் இங்கே வந்து 40-40 டை ஆன அன்று தொண்டை கட்டக் கத்தியது நம் அணிக்காகத்தான். மிக்கா டாக்கை நோக்கி ஓடி வந்தபோது வயிற்றைக் கலக்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக, அவர் கீழே விழுந்தால் சிரிக்க வேண்டும் என்று எந்த ரசிகர் மன்ற விதியும் இல்லை. குரூப்பிலிருந்து வேண்டுமானால் தூக்கிக்கொள்ளுங்கள், பொங்கல் பாட்லக் லிஸ்ட்டில் என் பேருக்கு நேராகப் போட்ட வெண்பொங்கலை வேறு யாருக்காவது மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

இன்னொன்று. ஜார்ஜ் பிக்கன்ஸ் ஒப்பந்தம் 2025 சீசனோடு முடிகிறது. அந்த சீசனில் நம் அணியின் மானத்தைக் காப்பாற்றியவர்களில் ஒருத்தர். அவருக்கும் ஏஜென்ட் மிக்காவின் அதே டேவிட் முலுகெட்டாதான். ஜெர்ரிக்கு இந்தத் தடவையாவது பேர் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.