கிளேர் டோரி பாடியது யாருடைய மெட்டு?

பிங்க் ஃபிலாய்ட் ராக் இசைக்குழுவின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்திலேயே பலவீனமான பாட்டு ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ என்கிறீர்கள். சரி, அது உங்கள் ரசனை. ஆனால் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட் எழுதிய மெட்டைப் பாடகி கிளேர் டோரி அப்படியே பாடிவிட்டுப் போனார் என்பது தவறு. ரைட் அமைத்தது பியானோவும் அதன் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசையும். டோரிக்கு வரிகளும் தரவில்லை, பாட வேண்டிய மெட்டும் தரவில்லை. 1973 ஜனவரியில் அபே ரோடு ஸ்டுடியோவில், குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு அவர் அந்த இடத்திலேயே கற்பனையில் பாடியது அது. எனக்கு அந்த ஆல்பத்தின் உச்சமே அந்தக் குரல்தான். அதற்கு அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு! 2004இல் பாட்டை இயற்றியதில் தனக்கும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார், அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. அப்புறம் வந்த பதிப்புகளில் இயற்றியவர்களாக ரைட், டோரி இருவர் பெயரும் இருக்கும். பழைய எல்பி இசைத்தட்டு அட்டையில் இயற்றியவராக ரைட் பெயர் மட்டும்தான்.