பெட்ரோலும் என் காசு, நேரமும் என் காசு

இங்கிலாந்தில் வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பராமரிக்கும் எனக்கு, காலை ஏழு மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை எட்டு வீடுகள். வீட்டுக்கு அரை மணி வீதம் நான்கு மணி நேரத்துக்குச் சம்பளம் வருகிறது. ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் கார் ஓட்டும் இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. கேட்டால், என்னை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தார் "உங்கள் மணிக்கூலியிலேயே பயணமும் அடங்கியிருக்கிறது" என்கிறார்கள்.

அடங்குகிறதா என்று நானே கணக்குப் போட்டேன். மணிக்கு 13 பவுண்ட் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 52; அதைப் பயணமும் சேர்ந்த ஆறு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 பவுண்ட் 67 பென்ஸ். நான் கணக்குப் பார்த்த 2025இல் இந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்ட். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரம் வேலை நேரமே என்று 2015ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதிய விதிகள் சொல்லியிருக்கும்போது, எந்த வாய்ப்பாட்டில் இது அடங்குகிறது?

அதைவிட எரிச்சலூட்டுவது ரோட்டா, அதாவது எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்ற வேலை அட்டவணை. கூகுள் வரைபடம் பதினேழு நிமிடம் காட்டும் தூரத்துக்கு அதில் ஐந்து நிமிடம் போட்டிருப்பார்கள்; பிந்திப் போனால் செயலியில் சிவப்பாகப் பதிவாகும், விளக்கம் கேட்டு அழைப்பும் வரும். மறதி நோயுள்ள ஒரு மூதாட்டிக்குத் தேநீர் ஆறும் வரை பக்கத்தில் இருந்து குடிக்கக் கொடுத்தால், அடுத்த வீட்டுக்காரருக்குக் காலை மாத்திரை தாமதமாகிறது. இருவரில் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

காரும் என்னுடையதுதான். கார் செலவுக்காக நிறுவனம் மைலுக்கு 45 பென்ஸ் வரை வரியில்லாமல் கொடுக்க 2011 முதல் இடமிருந்தும் எனக்குக் கிடைப்பது 20. மீதி 25 பென்ஸுக்கு வரிச்சலுகை கேட்கலாம் என்று பெரிய உபகாரம்போல் சொல்கிறார்கள். இருபது சதவீத வரி கட்டும் எனக்கு அதில் திரும்பி வருவது மைலுக்கு ஐந்து பென்ஸ். வேலைக்குக் காரைப் பயன்படுத்துவதால் கூடும் காப்புறுதி, போன மாதம் மாற்றிய இரண்டு டயர், இவையெல்லாம் என் தலையில்.

புகார் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்களில் பலருடைய விசா அதே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வேலை போனால், விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு நிறுவனம் தேட அரசு பெரும்பாலும் 60 நாள்தான் தரும். கணக்கை எழுதிய தாளை இன்னும் காரிலேயேதான் வைத்திருக்கிறேன்.