'40 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தால் பேஸ் வந்துவிடுமா?

இரண்டு ஸ்பீக்கர்கள். ஒரே அளவு ஊஃபர் (கீழ்ச் சத்தத்துக்கான பெரிய ஒலிப்பான்), ஒரே வாட்ஸ், அட்டையில் இரண்டுக்கும் '40 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்' வரை. போட்டுக் கேட்டால் ஒன்றில் பேஸ், அதாவது கனமான கீழ்ச் சத்தம், நெஞ்சில் இறங்குகிறது, இன்னொன்றில் வெறும் 'டப் டப்'. உடனே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. கம்பெனி ஏமாற்றுகிறது என்கிறார் ஒருவர், உங்கள் காதில்தான் கோளாறு என்கிறார் இன்னொருவர். என்னைக் கேட்டால், பேஸைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது அந்த அட்டையில் அச்சாகவே இல்லை. சண்டை போடுவதென்றால் அதற்காகப் போட வேண்டும்.

முதலில் அந்த 40, அதாவது நொடிக்கு 40 அதிர்வு. எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) குறைந்த நிலையில் 40? நடு அலைவரிசையைவிட 3 டெசிபல் குறைவு என்றால் அது நேர்மையான 40. சிலர் 10 டெசிபல் குறைந்த இடத்தை எடுத்து அதே 40-ஐப் போடுகிறார்கள். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். கீழ் அலைவரிசையில் நம் காது இன்னும் கறார், அங்கே அதே 10 டெசிபல் இன்னும் பெரிய இழப்பாகத் தெரியும். டெசிபல் கணக்கு இல்லாத ஹெர்ட்ஸ் எண்ணை நான் எண்ணாகவே மதிப்பதில்லை.

அடுத்தது, எவ்வளவு சத்தத்தில்? என் கண்ணுக்கு விஷயத்தின் உயிரே இங்கேதான். ஊஃபரின் கோன், அதாவது முன்னால் தெரியும் கூம்பு வடிவப் படலம், காற்றைத் தள்ளித்தான் பேஸ் வருகிறது. மூடிய பெட்டியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கோன் 1 மில்லிமீட்டர் அசைகிறது என்று வையுங்கள். அதே சத்தம் 40 ஹெர்ட்ஸில் வேண்டுமானால் 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும், 20 ஹெர்ட்ஸில் 16. ஒவ்வொரு ஆக்டேவ் இறங்கும்போதும், அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும்போதும், நாலு மடங்கு. இப்போது 6 அங்குல ஊஃபர் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 3 மில்லிமீட்டர்தான் ஒழுங்காக அசையும், மற்றது 6. மெதுவாகப் பாட்டு வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றுபோலத்தான் இருக்கும். வால்யூமை ஏற்றினால் முதலாவதின் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) காந்த இடைவெளியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் 80-ம் 120-ம் கலந்து வருகிறது. அதையும் சிலர் 'செம பேஸ்' என்று ரசிக்கிறார்கள். ஆனால் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி என்ன ஸ்வரம் வாசிக்கிறது என்று பிரித்துக் கேட்க முடியாது.

பெட்டியும் சேர்ந்து முடிவு செய்கிறது. மூடிய பெட்டியில் எல்லைக்குக் கீழே, அதாவது பேஸ் குறையத் தொடங்கும் இடத்துக்குக் கீழே, ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரியும், போர்ட் (காற்றுப் போகும் துளை) வைத்த பெட்டியில் 24. இரண்டுக்கும் எல்லை 45 ஹெர்ட்ஸ் என்றே இருக்கட்டும், 22-க்கு வரும்போது ஒன்றில் மிச்சம் இருக்கும், மற்றதில் அநேகமாக இருக்காது. இந்தக் கணக்குகளை 1961-ல் தீல், 70-களின் தொடக்கத்தில் ஸ்மால் என இரு பொறியாளர்கள் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள், இன்றுவரை ஊஃபர் தயாரிப்பவர்கள் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். இன்னொருவர் ஹாஃப்மன், கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் கம்பெனிப் பெயரில் வரும் ஹெச் அவர்தான். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் அதிக சத்தம்: மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது அவர் விதி. அதனால் இரண்டிலும் ஒரே வாட்ஸ் என்பதும் பெரிய விஷயமில்லை. சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்குத் தரும் சத்தம், 90 டெசிபல் உள்ளது 25 வாட்ஸில் தரும் சத்தத்துக்கு, 84 உள்ளது 100 வாட்ஸ் கேட்கும்.

இத்தனைக்கும் மேலே அறை. 4 மீட்டர் நீள அறையில் முதல் ஒத்ததிர்வு, அதாவது அறையே சேர்ந்து அதிரும் அலைவரிசை, சுமார் 43 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41. நீள வாக்கில் சரியாக நடுவில் உட்கார்ந்தால் அந்த ஸ்வரம் காணாமல் போகும், பின்சுவரில் சாய்ந்தால் குமுறும். ஸ்பீக்கரை மாற்றவே இல்லை, நாற்காலியைத்தான் நகர்த்தினோம்!

அளக்க வழியில்லாமல் இல்லை. சப்வூஃபருக்கு (பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) சிஇஏ-2010, இப்போதைய பெயரில் சிடிஏ-2010, என்ற அளவு முறை இருக்கிறது. 20, 25, 31.5, 40 என்று ஒவ்வொரு அலைவரிசையிலும், சத்தத்தின் சிதைவு ஓர் எல்லையைத் தாண்டாமல் அதிகபட்சம் எத்தனை டெசிபல் வரும் என்று அளப்பார்கள். இந்த மாதிரி ஒரு சின்ன அட்டவணையைச் சாதாரண ஸ்பீக்கருக்கும் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? பாதி விளம்பரம் அடிபட்டுப் போகும், அவ்வளவுதான். வாங்குகிற நாம் கேட்காதவரை அவர்களாகப் போட மாட்டார்கள்.

அதுவரை இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிட்டால் ஒரே இடத்தில் வைத்து, சத்தத்தைச் சமமாக்கிக் கேளுங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே நல்லது போலத் தெரியும். சப்வூஃபருக்கு இடம் தேடுகிறீர்களா? அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் கிட்டார் ஏறி இறங்குகிற பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அறை ஓரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த மூலையில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வையுங்கள்.