கொரியம் தமிழிலிருந்து வந்ததா?

கொரிய மொழியில் ‘அப்பா’, ‘ஒம்மா’ (அம்மா), ‘நி’ (நீ) இருப்பதால் அது தமிழிலிருந்து பிறந்தது என்கிறீர்கள். ஒலி ஒத்துப்போவது உண்மைதான், ஆனால் முடிவு தவறு.

ம, ப போன்றவை குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகள். அவற்றைப் பெற்றோர் தங்களை அழைப்பதாக எடுத்துக்கொள்வதால், தொடர்பே இல்லாத மொழிகளிலும் இத்தகைய சொற்கள் தோன்றுகின்றன. மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் இதை அருமையாக விளக்கியிருக்கிறார். ஜார்ஜிய மொழியைப் பாருங்கள்: அங்கே ‘மாமா’ என்றால் அப்பா, ‘தெதா’ என்றால் அம்மா!

அப்புறம் அந்த ‘நி’. கொரியத்தில் ‘நீ’ என்பதற்கு அடிப்படைச் சொல் ‘நொ’. ‘நான்’, ‘நீ’ இரண்டுக்குமான எழுவாய் வடிவங்கள் சியோல் பேச்சில் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கியதால், குழப்பம் வராமலிருக்க ‘நி’ பரவியது. சீனத்திலும் ‘நீ’ என்பதற்கு ‘நி’தான், அதையும் தமிழ் என்போமா?

கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905-லேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அந்த உறவை ஏற்கவில்லை. உறவை நிறுவ, பல சொற்களில் ஒழுங்காகத் திரும்பவரும் ஒலி மாற்றங்களைக் காட்ட வேண்டும். தமிழ் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’, ‘பல்’ ‘ஹல்லு’, ‘புலி’ ‘ஹுலி’ ஆவதுபோல.