தரையிறங்கும் விமானங்களுக்கு இடையே இவ்வளவு தூரம் வீணா?
விமானங்கள் தரையிறங்க வரும்போது நடுவே அத்தனை தூரம் விடுவது வீண், மோதாமல் இருந்தால் போதும் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளில் கிளம்பும் காற்றுச்சுழல் கண்ணுக்குத் தெரியாமல் ஓரிரு நிமிடம்கூடப் பின்னால் தங்கும், அதில் மாட்டும் சிறிய விமானம் பக்கவாட்டில் புரண்டுவிடலாம், தரைக்குப் பக்கத்தில் என்றால் சமாளிக்க உயரமே இருக்காது. அதனால்தான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் வழக்கமான வகைப்பாட்டில், கனரக விமானத்துக்குப் பின்னால் நடுத்தர விமானம் என்றால் 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்கு மேல். மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380-க்குப் பின்னால் என்றால் 7 கடல் மைல்.

அப்புறம், இடைவெளிக்காக விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் விமானியிடம் வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கச் சொல்லலாமாம். முடியாது. அளவுக்கு மீறிக் குறைத்தால் இறக்கை தூக்குவிசையை இழக்கும். ஓடுபாதைக்கு முந்தைய கடைசி 4 கடல் மைலில் வேகக் கட்டளையே தரக்கூடாது. இடைவெளி போதவில்லை என்றால் மேலே ஏறி மறுபடி சுற்றி வரச் சொல்வார்கள்.